முதலில் நம் ட்ரம்மைக் கவிழ்ப்போம்

போன ஐப்பசியில் எங்கள் தெரு நலச்சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. தெருவிலுள்ள 48 வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளும் மாதம் இரண்டு தடவை கொசு மருந்து அடிக்க, ஒரு தனியார் பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனியோடு வருஷ ஒப்பந்தம். சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். பேங்கில் 35 வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் கணக்கு வழக்கு எல்லாம் என் தலையில்தான் வந்து விழும். தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. செக்கில் போட்ட கையெழுத்தும் என்னுடையது.

சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு மூன்று ஏக்கர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த மண்ணில் ஒரு சொட்டுப் பூச்சிமருந்து விழுந்தது இல்லை. கூட்டங்களில் மைக் கிடைத்தால் விடாமல் பேசுகிற ஆள். அப்பேர்ப்பட்டவன் எப்படிவே கையெழுத்துப் போட்டீர் என்று கேட்பீர்கள்.

என் பேரனுக்கு டெங்கு வந்தது. ஏழு வயசு. நாலு ராத்திரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். காலையில் ஒரு பிளேட்லெட் எண்ணிக்கை சொல்வார்கள், சாயங்காலம் அதைவிடக் குறைவாக ஒன்று சொல்வார்கள். மூன்றாம் நாள் வராந்தாவில் வைத்து மருமகள் என்னிடம் கேட்டாள்: "மாமா, பூச்சி புழு எல்லாம் வாழணும்னு ஊரெல்லாம் பேசுறீங்க. என் பிள்ளை வாழ வேண்டாமா?"

அவள் அப்படிப் பேசுகிற பெண் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவும் இல்லை. பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வருஷம் கழித்து நான் சொல்கிற பதில்தான் இந்தக் கட்டுரை.

பூவிலிருந்து எடுத்த மருந்து

கம்பெனியிலிருந்து மூன்று பையன்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒருவனிடம் மட்டும் முகக்கவசம் இருந்தது. முதலில் பவர் ஸ்பிரேயரால் செடிகளின் இலைக்கு அடிப்பக்கம், காம்பவுண்டுச் சுவர், தண்ணித் தொட்டியின் பின்புறம் எல்லாம் மருந்து அடித்தார்கள். அப்புறம் தோளில் மாட்டிய மெஷினால் டீசல் புகை. பத்து நிமிஷம் தெருவே தெரியவில்லை. புகைக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் ஓடினார்கள். நாமும் சின்ன வயசில் ஓடியிருக்கிறோம்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார், இது பூவிலேர்ந்து எடுக்கிற மருந்து. ஹெர்பல்" என்றார் மேற்பார்வையாளர். டப்பாவைக் காட்டச் சொன்னேன். லேபிளில் இருந்த பெயர் 'த்ரின்' என்று முடிந்தது.

இதை நம் ஆட்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பைரத்ரம் என்பது சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுப்பது, உண்மைதான். வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். அந்தச் சிதைவுதான் வியாபாரத்துக்குத் தடை என்று, அதே மாதிரி மூலக்கூறை வெயிலுக்கு அசையாதபடி தொழிற்சாலையில் செய்தார்கள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் அந்தப் பிள்ளைகள். கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசலில் பருத்தி போட்டவர்களுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ப்புழுவுக்கு அடித்தார்கள், புழு பழகிக்கொண்டது. கூடுதலாக அடித்தார்கள், அதற்கும் பழகிக்கொண்டது. கடைசியில் கடன்தான் நின்றது. அந்தக் கடன் விண்ணப்பங்களில் சிலவற்றுக்கு நானே சாங்ஷன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வயலைவிட்டு நாம் துரத்திய அதே மருந்து இப்போது வேறு டப்பாவில் வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூவிலிருந்து எடுத்த பைரத்ரமானாலும் தேனீக்கும் மீனுக்கும் விஷம்தான். 'இயற்கை' என்று லேபிளில் இருந்தால் போதும் என்று நாமும் ஏமாறக் கூடாது.

எங்கள் கொல்லையில் மார்த்தாண்டத்திலிருந்து கொண்டு வந்த ஒரு தேனீப் பெட்டி இருந்தது. மாமரக் கிளையில் மண் கலயத்தில் கொசுத்தேனீக் கூடு ஒன்று. கொட்டாத, கொசு அளவே இருக்கிற தேனீ என்பதால் அந்தப் பெயர். மருந்து அடித்த இரண்டாம் நாள் காலையில் பெட்டிக்கு முன்னால் தேனீக்கள் மல்லாக்கக் கிடந்து கால் உதறிக்கொண்டிருந்தன. ஒரு வாரத்தில் கலயமும் காலி. நான் எதையும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அதனால் மருந்துதான் காரணம் என்று கோர்ட்டில் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பைரத்ராய்டு மருந்துகளின் லேபிளிலேயே தேனீக்கு ஆபத்து என்று அச்சடித்திருக்கிறார்கள். கொசுவுக்கு அடித்த மருந்துக்குக் கொசு எது, கொசுத்தேனீ எது என்று எப்படித் தெரியும்?

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. 2016 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் டார்செஸ்டர் கவுண்டியில், ஜிகா நோய் பயத்தால் விமானத்திலிருந்து 'நாலெட்' என்ற கொசு மருந்தைத் தெளித்தார்கள். சம்மர்வில் என்ற ஊரில் ஒரே பண்ணையில் 46 தேனீப் பெட்டிகள் அழிந்தன. சுமார் 25 லட்சம் தேனீக்கள். அங்கே ஜிகா கண்டவர்கள் எல்லாரும் வெளியூர் போய் வாங்கி வந்தவர்கள், உள்ளூர்க் கொசு பரப்பியது அல்ல. பணக்கார நாடு, படித்த அதிகாரிகள், விமானம் எல்லாம் இருந்தும் தேனீ வளர்ப்பவருக்கு முன்கூட்டித் தகவல் போய்ச் சேரவில்லை.

வட்டியும் அசலும்

சரி, தேனீ போனாலும் கொசு ஒழிந்ததா? பத்து நாள் குறைந்தது. பதினோராம் நாள் பழையபடி வந்துவிட்டது. ஏன் என்று படிக்க ஆரம்பித்தேன். பேங்க் பாஷையில் சொல்கிறேன்.

பறக்கிற கொசு வட்டி. தண்ணீரில் கிடக்கிற முட்டையும் புழுவும் அசல். புகை, வட்டியை மட்டும்தான் தள்ளுபடி பண்ணுகிறது. அசல் அப்படியே இருக்கிறது, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி வட்டி கட்டிவிடுகிறது. கம்பெனிக்காரர் அடுத்த தவணைக்கு வந்து நிற்கிறார். இப்படி ஒரு கடன் கணக்கைப் பார்த்தால் எந்த மேனேஜரும் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்.

எல்லாக் கொசுவும் ஒரே கொசுவும் இல்லை. நம்ம வட்டாரத்தில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ், காலில் வெள்ளை வரி போட்டது. பகலில் கடிக்கும், விடியற்காலையிலும் பொழுது சாயுமுன்னும் அதிகம். வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் தொங்குகிற துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். சேர்த்துவைத்த தண்ணீரில், பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறினால் பொரியும். இது அதிக தூரம் பறக்காது. சாதாரணமாக 100, 200 மீட்டருக்குள்தான். அதாவது உங்களைக் கடித்த ஏடிஸ் உங்கள் வீட்டில் பிறந்தது, இல்லையென்றால் பக்கத்து வீட்டில் பிறந்தது.

இரண்டாவது க்யூலெக்ஸ். ராத்திரிக் கொசு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறக்கும். பாளையங்கால்வாயில் ஊர்க் கழிவு கலக்கிற இடங்களில் பார்த்தால் தெரியும். இது வெகுதூரம் பறக்கும் என்பதால் நம் காம்பவுண்டுக்குள் புகை போட்டு ஒன்றும் ஆகாது, மறுநாள் சாயங்காலமே வேறு கூட்டம் வந்துவிடும். மூன்றாவது மலேரியா பரப்பும் அனோபிலிஸ். மூடாத மாடித் தொட்டியும் கிணறும் அதற்குப் பிடிக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஏடிஸ் வீட்டுக்குள் இருக்கிறது, புகையைத் தெருவில் போடுகிறோம். முட்டை ட்ரம்மின் சுவரில் இருக்கிறது, மருந்தை முருங்கை இலையில் அடிக்கிறோம். அந்த முருங்கைக் கீரையைத்தான் விஷமில்லாதது என்று சொல்லி வாரச் சந்தையில் நான் விற்றுக்கொண்டிருந்தேன். மருந்து அடித்த பிறகு அந்தக் கொல்லைக் கீரையை நிறுத்திவிட்டேன். அதற்கு முன் ஒரு வாரம் விற்றதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

புகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில் டெங்கு உறுதியானால் அந்த வீட்டிலும் சுற்று வட்டாரத்திலும் நோய்க் கிருமியோடு பறக்கிற கொசுவை உடனே கொல்லத்தான் வேண்டும். சுகாதாரத் துறை வந்து வீட்டுக்குள் மருந்து தெளித்தால் கதவைத் திறந்துவிடுங்கள். அது நெருப்பு பிடித்த வீட்டுக்கு வரும் தீயணைப்பு வண்டி. நெருப்பே இல்லாத தெருவில் மாதம் இரண்டு தடவை வண்டியைக் கூப்பிட்டுத் தண்ணீர் அடிப்பதற்கு ஒப்பந்தம் போட்டதுதான் நாங்கள் செய்த கூத்து.

என் கொல்லையில் நடந்த ஆடிட்

கார்த்திகையில் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு அம்மா வந்தார். தினக்கூலி வேலை. கையில் டார்ச், தோளில் பை. "அண்ணாச்சி, உள்ள பார்க்கலாமா?" என்றார். எங்கள் வீட்டில் கெமிக்கல் கிடையாதம்மா, இயற்கை விவசாயி வீடு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அபேட் மருந்து ஊற்ற வந்தவர்களை நான் முன்னே இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியவன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் டார்ச் அடித்தார். அரை மணி நேரத்தில் எனக்குக் காட்டியது இவ்வளவு: காலி ஜீவாமிர்த ட்ரம்மில் மழைத் தண்ணீர், அதில் புழு. சிட்டுக்குருவிக்கென்று பேரன் வைத்த மண் சட்டியில் புழு. உரச் சாக்கை மூடிய தார்ப்பாயின் மடிப்பில் புழு. பூந்தொட்டிக்கு அடித்தட்டில் புழு. சுவரோரம் அடுப்புக்கென்று குவித்து வைத்த சிரட்டைகளில் புழு. கடைசியாகக் காட்டியதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. தேனீப் பெட்டிக்கு எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, நாலிலும் புழு நெளிந்தது.

"காலுல வெள்ளை வரி போட்ட கொசு இந்தமாதிரி நல்ல தண்ணியிலதான் அண்ணாச்சி வரும்" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. அபராதமும் எழுதவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

என் பேரனைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் என் தேனீப் பெட்டிக்கு அடியில் பிறந்திருக்கலாம். 35 வருஷம் மற்றவர்கள் கணக்கில் குறை கண்டுபிடித்தவன் சொந்தக் கொல்லையின் கணக்கைப் பார்க்கவில்லை.

நண்பர்களே, நம் இயக்கத்துக்குள் இதைச் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். மற்றவர் வீட்டைவிட நம் வீட்டில்தான் தண்ணீர்ப் பாத்திரம் அதிகம். கரைசல் ட்ரம், பஞ்சகவ்யப் பானை, அசோலா தொட்டி, மாட்டுத் தொட்டி, மண்புழு உரப் படுக்கை, பறவைச் சட்டி, மழைநீர்த் தொட்டி. இன்னொரு விஷயம் தெரியுமா? க்யூலெக்ஸ் கொசுவைப் பிடித்து ஆராய்ச்சி செய்கிறவர்கள், வைக்கோலைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளித்த நீரைத்தான் பொறியில் ஊற்றுகிறார்கள். முட்டையிட இடம் தேடும் கொசு அந்த வாசனைக்கு வரும். நம் கரைசல் ட்ரம் மூடாமல் கிடந்தால் அதுவும் அதே பொறிதான், பிடிக்காமல் வளர்த்துவிடுகிற பொறி.

'தவளை இருக்கு, தட்டான் இருக்கு, இயற்கையே சமன் செய்துகொள்ளும்' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வயலுக்கும் குளத்துக்கும் அது பெருமளவு சரி. மூடி உடைந்த ட்ரம்முக்குள் தவளை எப்படிப் போகும்? யாங்கூனில் ஒரு முயற்சி நடந்தது. 1980-களில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் தட்டானின் இளம்புழுக்களைக் கையால் கொண்டுபோய் விட்டார்கள், ஏடிஸ் நன்றாகக் குறைந்தது. கவனியுங்கள், மனிதர்கள் கொண்டுபோய் விட்டார்கள். தட்டான் தானாக வந்து தொட்டிக்குக் காவல் நிற்கவில்லை. நொச்சிப் புகையும் வேப்பெண்ணெய் விளக்கும் நல்லதுதான், அன்றைய ராத்திரிக்குக் கடி குறையும். நிலவேம்புக் குடிநீரும் குடிக்கட்டும். ட்ரம் திறந்து கிடந்தால் இவை எதுவும் ட்ரம்முக்கு மூடியாகாது. காய்ச்சல் வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இதில் வீம்பு வேண்டாம்.

2012-ஐ நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்க முடியாது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் டெங்கு 12,000 பேருக்கு மேல் கண்டது, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மாநிலத்திலேயே அதிகம் அடிபட்டது அன்றைய திருநெல்வேலி மாவட்டம். இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிற கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். தாமிரபரணி ஓடுகிற சீமையில் குடிதண்ணீர் நாள் விட்டு நாள், சில இடங்களில் அதைவிடத் தள்ளி வருவதால்தான் ட்ரம்மும் குடமும் தொட்டியும் வீடெல்லாம் நிற்கின்றன. தினமும் ஒழுங்காகத் தண்ணீர் விடுவதும் கொசு ஒழிப்புதான். புகை வண்டி வரவில்லை என்று கவுன்சிலரிடம் சண்டை போடுகிறோமே, தண்ணீர் தினம் வரவில்லை என்பதற்கும் அதே குரலில் சண்டை போட வேண்டும்.

விலைக்கு விற்க முடியாத வேலை

கம்பெனிகள் ஏன் புகையை விற்கின்றன? கண்ணுக்குத் தெரியும், மணக்கும், பில் போடலாம். ட்ரம்மைக் கவிழ்ப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆனால் உலகத்தில் கொசுவை உண்மையில் அடக்கிய இடங்களைப் பார்த்தால் அந்த வேலைதான் நடந்திருக்கிறது.

பக்கத்துப் புதுச்சேரியில் 1981 முதல் 1985 வரை, யானைக்கால் நோய்க் கொசுவுக்கு எதிராக அங்குள்ள மத்திய அரசின் நோய்ப்பரப்பி ஆராய்ச்சி மையம் ஊர் முழுக்க வேலை செய்தது. மருந்து அடிப்பதைவிட சாக்கடை, பள்ளம், கிணறு, செப்டிக் டேங்க் என்று கொசு பிறக்கும் இடங்களைச் சரிசெய்வதற்கு முக்கியத்துவம் கொடுத்து, மக்களையும் சேர்த்துக்கொண்டது. வியட்நாம் கிராமங்களில் 'மீசோசைக்ளாப்ஸ்' என்கிற பொடி நீருயிரியைக் கிணற்றிலும் பெரிய ஜாடிகளிலும் விட்டார்கள். பொரித்த கொசுப்புழுவை அது தின்னும். கூடவே பள்ளிப் பிள்ளைகளும் ஊர்த் தொண்டர்களும் வீடு வீடாகப் போய் வீண் பாத்திரங்களைப் பொறுக்கினார்கள். பல ஊர்களில் ஏடிஸ் எஜிப்டி கொசு காணாமலே போனது.

கவிழ்க்க முடியாத தண்ணீருக்கு பி.டி.ஐ. என்ற நுண்ணுயிர் இருக்கிறது. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டது. புதுச்சேரி மையமே சொந்தமாக ஒரு வகையைப் பிரித்தெடுத்திருக்கிறது. பி.டி. என்றதும் பி.டி. கத்தரிக்காய்ச் சண்டை ஞாபகம் வரும். இது மரபணு மாற்றிய செடி இல்லை, மண்ணில் வாழும் பாக்டீரியாவேதான். கொசுப்புழுவையும் அதன் சில நெருங்கிய சொந்தங்களையும் கொல்லும், தேனீயையும் மீனையும் ஒன்றும் செய்யாது. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும்.

மீன் விடுவதில் ஒரு எச்சரிக்கை. 'கம்பூசியா' என்கிற கொசுமீன் வெளிநாட்டிலிருந்து 1928-ல் இந்தியாவுக்கு வந்தது. உலகின் மோசமான 100 அந்நிய உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. நம் தவளைக் குஞ்சையும் மற்ற மீன் குஞ்சுகளையும் தின்னும். பண்ணைக்குட்டைக்கு நம் வாய்க்காலிலேயே உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன் மேல்மட்டத்தில் நீந்துமே, அது போதும்.

வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும்

கொல்லையைப் பற்றியே பேசினால் வயலை மறந்ததாகிவிடும். நாள் முழுக்கத் தண்ணீர் தேங்கிய நெல் வயலில் வேறு வகை க்யூலெக்ஸ் பிறக்கும். பன்றி, கொக்கு, நாரை இவற்றிலிருந்து மூளைக்காய்ச்சலைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவது அதுதான். மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் ஒன்று 1990-களில் இதை வயலிலேயே சோதித்தது. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினாலும், வேம்புப் பொருள்களைச் சேர்த்தாலும் இந்தக் கொசுப்புழுக்கள் குறைந்தன.

காயவிட்டுப் பாய்ச்சுவது நமக்குப் புதுசா? காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொன்னதுதான். திருந்திய நெல் சாகுபடியின் உயிர்நாடியும் அதுதான். 2003-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தத் தாமிரபரணிப் பாசனத்திலேயே, விவசாயிகள் வயலில், திருந்திய முறையையும் வழக்கமான முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. தண்ணீரும் விதையும் மிச்சமாகும் என்பதற்காகச் செய்தோம். கொசுவும் குறையும் என்பது கூடுதல் லாபம். வயலுக்கு வயல் தண்ணீர் பாய்கிற நம்ம ஊரில் ஒருத்தன் மட்டும் இதைச் செய்ய முடியாது. மடைக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும், மேல் வயல்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். கொசு விஷயத்தில் எங்கே போனாலும் பக்கத்து ஆளிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை அரை மணி நேரம்

இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை அரை மணி நேரம் இதற்கு. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதனால் வாரம் ஒரு தடவை போதும். விட்டுவிட்டால் கணக்கு தவறும். நாங்கள் செய்வது:

கரைசல் ட்ரம்மின் வாயில் நைலான் கொசுவலை, ரப்பர் டியூபால் இறுக்கம். கரைசலை ஏழு நாளுக்குள் வயலுக்கு அனுப்பிவிடுவது. காலி ட்ரம்மைக் குப்புறப் போடுவது.

மாட்டுத் தொட்டி, பறவைச் சட்டி, பூந்தொட்டித் தட்டு: தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்து, வெயிலில் காயவைப்பது.

தேனீப் பெட்டிக் கிண்ணம்: தண்ணீர் மேல் கொஞ்சம் வேப்பெண்ணெய். படலம் கட்டினால் புழு மூச்சுவிட முடியாது.

அசோலா தொட்டி: இடைவெளி இல்லாமல் மூடி வளர்ந்திருந்தால் கொசு முட்டையிடுவது குறையும். அள்ளிய பிறகு வெறும் தண்ணீர் தெரிந்தால் அங்கேதான் ஆபத்து.

செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் வலை, மாடித் தொட்டிக்கு இறுக்கமான மூடி. சிரட்டை எல்லாம் கவிழ்த்து அடுக்குவது. தார்ப்பாயை மடிப்பு விழாமல் சரிவாகக் கட்டுவது.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் தெரு கம்பெனியைத்தான் கூப்பிடும் என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். பூச்சிமருந்துச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா? மருந்தின் பெயர் என்ன, டப்பாவில் முக்கோணம் என்ன நிறம்? புழு பிறக்கும் இடங்களை முதலில் தேடிப் பார்ப்பீர்களா? பூக்கும் செடியையும் தேனீப் பெட்டியையும் கிணற்றையும் விட்டுவிடுவீர்களா? அடிக்கிற பையன்களுக்கு முகக்கவசமும் கையுறையும் உண்டா என்று ஐந்தாவதாகவும் ஒன்று கேட்கலாம். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

வருஷ ஒப்பந்தம் புரட்டாசியில் முடிந்தது. கூட்டத்தில் என் கொல்லையில் என்னென்ன கிடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அந்தப் பணத்தில் எல்லா வீட்டுக்கும் ட்ரம் மூடியும் வலையும் வாங்கலாம், மாதம் ஒரு தடவை வீட்டுக்கு ஒரு ஆளாகச் சேர்ந்து தெருவைச் சுற்றிப் பார்க்கலாம் என்றேன். 31 வீடு ஒத்துக்கொண்டது. மீதி வீடுகளில் இன்றைக்கும் புகை போடுகிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பயந்துபோய்க் கையெழுத்துப் போடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மருமகளுக்கு நான் நேரில் பதில் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள்தான் முன்னால் போகிறாள். பேரன் பின்னால் போய்ச் சிரட்டையைக் கவிழ்க்கிறான். போன வாரம் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "ஆச்சி, உங்க தொட்டியில புழு இருக்கு" என்று சத்தம் போட்டான். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தாலும் தொட்டியைக் கழுவினார்.

தேனீப் பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தை பிறந்ததும் மார்த்தாண்டம் போக வேண்டும்.